அனுப்புவதற்கென்றே சுடும் பலகாரம்

பண்டிகைப் பலகாரங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ருசியில் தொடங்குவார்கள். நான் சம்படங்களில் தொடங்குகிறேன். எங்கள் நாகர்கோவில் வீட்டில் ஆண்டு முழுவதும் பரணில் கவிழ்ந்து கிடக்கும் பெரிய எவர்சில்வர் சம்படங்கள், டிசம்பர் பிறந்ததும் கீழே இறங்கும். அவற்றைக் கழுவி, வெயிலில் காயவைத்து, அடியில் தாள் விரித்து அடுக்கி வைப்பார் ஆச்சி. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி இன்னும் ஏறியிருக்காது. ஆனால் எந்தச் சம்படம் யாருக்கு என்ற கணக்கு அதற்குள் முடிந்திருக்கும். திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்த அத்தைக்கு ஒன்று, மதுரையில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கு ஒன்று, தெருவில் தட்டுத் தட்டாகக் கொடுக்க இரண்டு, கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகக் கீத பவனி வரும் பிள்ளைகளுக்கு ஒன்று. வீட்டில் இருக்கும் நாங்கள் தின்பதற்கென்று தனியாக ஒரு சம்படம் ஒதுக்கியதாக எனக்கு நினைவில்லை. உடைந்தது, நிறம் கூடியது, வடிவம் கெட்டது எல்லாம் எங்கள் பங்கு.

பண்டிகைப் பலகாரம் தின்பதற்குமுன் அனுப்புவதற்காகப் பிறந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டோடு இனிப்பாக ஏதாவது சாப்பிட வேண்டும் என்றால் ஒரு பாயசம் போதும். எங்கள் பக்கத்து அடைப்பிரதமனுக்கு எந்த முறுக்கும் ஈடாகாது. ஆனால் பிரதமன் மறுநாள்வரை தாங்காது. அதைப் பொட்டலம் கட்டிப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. பத்து வீட்டுக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு ஒரு கரண்டிகூடத் தேறாது. பலகாரத்தின் கதை வேறு. மாவை எவ்வளவு ஈரத்தில் இடிப்பது, பாகை எந்தப் பதத்தில் இறக்குவது, உருட்டுவதா தட்டுவதா என்பதெல்லாம், அது போய்ச் சேர வேண்டிய வீட்டை மனதில் வைத்து முடிவானவை. சுட்டவள் கையை விட்டு வெளியேறி, ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து வேறொரு வீட்டில் யாரோ வாயில் போடும்போதும் அதே நொறுக்கும் அதே மணமும் இருக்க வேண்டும். அந்தக் கவலைதான் நம் பெண்களின் கைத்திறனை இவ்வளவு தூரம் வளர்த்தது.

முந்திரிக்கொத்தையே எடுத்துக்கொள்வோம். கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் நெல்லைச் சீமைக்கும் அதுதான் தலைப் பலகாரம். தீபாவளிக்கு இந்து வீடுகளிலும், கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவ வீடுகளிலும், கல்யாணம் என்றால் எல்லா வீடுகளிலும் அது உண்டு. முந்திரிப்பருப்பு அதில் ஒரு துண்டுகூடக் கிடையாது. உள்ளே இருப்பது முழுக்கச் சிறுபயறு. பயறைச் சிறு தீயில் மணம் வரும்வரை வறுத்து, தோலைப் புடைத்துத் தள்ளி, கொஞ்சம் கொரகொரப்பாகத் திரித்துக்கொள்ள வேண்டும். தேங்காய்த் துருவலை ஈரம் துளிகூட இல்லாமல் சிவக்க வறுக்க வேண்டும். இங்கேதான் அவசரக்காரர்கள் அகப்பட்டுக்கொள்வார்கள். தேங்காயில் ஈரம் மிஞ்சினால் நான்காம் நாளே காட்டிக்கொடுத்துவிடும். பிறகு எள், சுக்கு, ஏலம். கருப்பட்டியைப் பாகு காய்ச்சி, வடிகட்டி, மறுபடியும் அடுப்பில் ஏற்றிப் பதம் பார்த்து, மாவில் சூடாக ஊற்றிக் கிளற வேண்டும்.

அதன் பிறகு நேரத்தோடு ஓட்டப்பந்தயம். ஆறினால் மாவு உதிரும். உருண்டை பிடிக்க வராது. சூட்டோடு உருட்டினால் உள்ளங்கை சிவந்துபோகும். இதனால்தான் ஒரே ஆள் முந்திரிக்கொத்து செய்வது ஏறக்குறைய நடக்காத காரியம். சித்தி ஒரு பக்கம், மதினி ஒரு பக்கம், பக்கத்து வீட்டு அக்கா ஒரு பக்கம் என்று உட்கார்ந்து, நெல்லிக்காய் அளவில் சின்னச் சின்ன உருண்டைகளாகப் பிடித்துச் சுளகில் பரப்பிவிடுவார்கள். உருண்டைகள் ஓர் இரவு இறுகட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாள் பச்சரிசி மாவில் கொஞ்சம் மஞ்சளும் உப்பும் சேர்த்துக் கரைத்து, மூன்று உருண்டைகளை ஒன்றாக முக்கிக் காய்ந்த தேங்காய் எண்ணெயில் விட வேண்டும். மூன்றும் ஒட்டிக்கொண்டு மஞ்சளாகப் பொரிந்து மேலே வரும்போது கண்ணகப்பையால் அரித்து எடுப்பார்கள். மேல்தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே கெட்டியாகவும் இருக்கும். பல் இல்லாதவர்களுக்கு ஏற்ற பண்டம் இல்லைதான். ஆனால் பஸ்ஸின் கூரையில் போட்டாலும் உடையாத பண்டம் வேறு எது இருக்கிறது?

இது ஏன் கெடுவதில்லை என்பதைச் சிறு வயதில் நான் யோசித்ததே இல்லை. பிற்பாடு கல்லூரியில் வேதியியல் படிக்கும்போதுதான் பாகின் பதத்துக்குள் இருக்கும் அறிவு எனக்கு விளங்கியது. பாகைக் காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி, இனிப்பு அடர்த்தியாகிறது. அடர்த்தி ஏற ஏறக் கொதிநிலையும் ஏறுகிறது. பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டினால் மெத்தென்று திரண்டு வருகிறதே, அந்த உருட்டுப் பதத்தில் சர்க்கரைப் பாகின் சூடு சுமார் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ். அப்போது அதில் கிட்டத்தட்ட 85 சதவீதம் சர்க்கரை. மிச்சமிருக்கும் கொஞ்ச நீரையும் அந்தச் சர்க்கரையே பிடித்து வைத்துக்கொள்வதால், பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் குடிக்க ஒரு துளி கிடைப்பதில்லை. மேலே அரிசிமாவுத் தோல் பொரிந்து மூடிவிடுகிறது. ஆச்சி வெப்பமானியைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒரு கிண்ணத் தண்ணீரும் ஆள்காட்டி விரலும் அவருக்குப் போதுமாக இருந்தன.

அதிரசம் இதைவிடக் கடினமான கல்வி. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, தொட்டால் கையில் ஈரம் தெரிகிற அளவிலேயே இடித்து அரித்து, வெல்லப் பாகில் சேர்த்துக் கிளறி, அந்த மாவைச் சில நாட்கள் பானையில் அடைத்து வைத்துப் பிறகுதான் தட்டிச் சுட வேண்டும். பாகு ஒரு நொடி முந்தினால் எண்ணெயில் பிரிந்துவிடும். ஒரு நொடி பிந்தினால் கல். அதிரசம் சரியாக வந்த ஆண்டில் வீட்டில் எல்லோரும் ஒரு சுற்று நிமிர்ந்து நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதிரசத்துக்கும் பங்கு வைப்பதற்கும் உள்ள உறவு வீட்டுக்கு வெளியிலும் பழையது. திருமலைக் கோயிலின் 15, 16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் அதிரசப்படி, அப்பப்படி, வடைப்படி, சுகியன்படி என்று படையல்கள் வரிசையாகப் பேசப்படுகின்றன. எந்த நாளில் எத்தனை படி, அதற்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு நெய், எவ்வளவு சர்க்கரை என்றெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். என்னைக் கவர்ந்தது அளவுகளைவிட அதன் பின்னால் வரும் பங்கீடு. படைத்த பிரசாதத்தில் நான்கில் ஒரு பங்கு, அறக்கட்டளை வைத்தவருக்கு உரியது. அதற்கு ‘விட்டவன் விழுக்காடு’ என்று பெயர். அந்தப் பங்கைத் தம் பேரால் மடத்துக்கோ, வழிப்போக்கர்களுக்கோ, வேறு யாருக்கோ கொடுத்துவிடும்படி பலர் எழுதி வைத்தார்கள். அரசனும் வணிகனும் கல்லில் பொறித்துச் செய்ததைத்தான் எங்கள் தெருப் பெண்கள் தட்டில் செய்தார்கள்.

தட்டுக்கு ஒரு முறை உண்டு. அதன்மேல் பூப்போட்ட துணியோ வாழையிலைத் துண்டோ மூடியிருக்கும். கொண்டுபோவது பெரும்பாலும் வீட்டுச் சிறுமி. வாங்கிக்கொண்டவர்கள் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஒரு கை சீனியோ, இரண்டு பழமோ, அன்றைக்கு ஒன்றும் இல்லையென்றால் நான்கு தீப்பெட்டியோ அதில் இருக்கும். தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வரும் தட்டுகளின் கடனைக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் தீர்ப்போம். ரம்ஜான் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டே வருவதால், சில ஆண்டுகளில் கணக்கு அடுத்தடுத்த மாதங்களில் சுற்றிச் சுற்றி வரும். அப்பாவின் நண்பர் ஒருவர் வீட்டிலிருந்து கீழக்கரைத் தொதல் வரும். தேங்காய்ப் பாலையும் கருப்பட்டியையும் மணிக்கணக்கில் கிளறி எண்ணெய் கக்கவிட்டு எடுக்கும் அந்தக் கருப்புத் துண்டுக்காக நாங்கள் பிள்ளைகள் அடித்துக்கொள்வோம்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. தட்டு எல்லா வீட்டுக்கும் போகவில்லை. சில வீடுகள் எங்களிடம் பழம் மட்டும் வாங்கிக்கொண்டன. அடுப்பில் ஏறியதை வாங்கமாட்டார்கள். சில வீடுகளில் வாங்கிக்கொண்டு, நாங்கள் படி இறங்குவதற்குள் வேலை செய்யும் அம்மாளிடம் கொடுத்துவிடுவார்கள். அதே போல, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த குடியிருப்புக்கு எங்கள் வீட்டிலிருந்தும் தட்டு போகவில்லை. அங்கிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்வாசலில் பொட்டலமாகத்தான் போனது. சாதி எங்கே நிற்கிறது என்று கேட்டால், தட்டு எங்கே நின்றது என்று பார்த்தால் போதும். பண்டிகை நாட்களின் ஒற்றுமையைப் பற்றி இனிக்க இனிக்க எழுதப்படும் கட்டுரைகளில் இந்தப் பின்வாசல் வருவதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அதே சமயம், தட்டு புது வாசல்களைத் திறந்ததையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அச்சு முறுக்குக்குப் பச்சரிசி மாவு, தேங்காய்ப் பால், சர்க்கரை, எள்ளோடு எங்கள் வீட்டில் முட்டையும் சேர்ப்பார்கள். முட்டை சேர்ந்தால்தான் இதழ் இதழாக மெல்லிசாக வரும். ஆனால் எதிர் வீட்டில் சைவம். அதனால் முட்டை உடைத்து ஊற்றுவதற்குமுன், முதல் ஈடு அவர்களுக்கென்று தனியாகச் சுடப்படும். புது எண்ணெய், கழுவிய அச்சு, தனிச் சம்படம். இதை ஆச்சி யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. பல ஆண்டுகள் அந்த வீட்டார் தட்டை வாங்கினார்களே தவிர, தின்றார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. பிறகு ஒரு கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டம்மா தாமே வந்து, “இந்தத் தடவை முறுக்கில் எள் கொஞ்சம் குறைந்துவிட்டதே, அக்கா” என்றார். ஆச்சிக்கு அன்று கிடைத்த சந்தோஷத்தை எந்தப் பாராட்டும் கொடுத்திருக்காது.

அச்சு முறுக்கைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அச்சை எண்ணெயிலேயே போட்டு நன்றாகச் சூடாக்க வேண்டும். பிறகு மாவில் முக்கால் அளவுக்கு மட்டும் முக்க வேண்டும். முழுவதும் மூழ்கிவிட்டால் மாவு மேலே மூடிக்கொண்டு கழலவே கழலாது. கேரளத்தில் இதை அச்சப்பம் என்கிறார்கள், இலங்கையில் கொக்கிஸ் என்கிறார்கள், ஆங்கிலோ-இந்திய வீடுகளில் ரோஸ் குக்கி. நார்வே, ஸ்வீடன் நாட்டு வீடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு இதே போன்ற இரும்பு அச்சை மாவில் முக்கிப் பொரிக்கிறார்கள். அவர்களுக்குக் கோதுமை மாவும் பசும்பாலும், நமக்கு அரிசி மாவும் தேங்காய்ப் பாலும். அச்சு கடல் கடந்து வந்திருக்கிறது. மாவு அந்தந்த ஊர் வயலிலிருந்து வந்தது.

இறப்பு நடந்த வீட்டில் அந்த ஆண்டு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. இந்துக்களானாலும் கிறிஸ்தவர்களானாலும் எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். தாத்தா காலமான ஆண்டில் பரணிலிருந்து சம்படங்கள் இறங்கவில்லை. ஆனால் டிசம்பர் 20 தாண்டியதும் தட்டுகள் வரத் தொடங்கின. உறவுக்காரர்கள் கொண்டுவந்தார்கள், தெருக்காரர்கள் கொண்டுவந்தார்கள், முன்பின் அதிகம் பேசாதவர்கள்கூடக் கொண்டுவந்தார்கள். அம்மாவுக்கு வைக்க இடம் போதவில்லை. எங்கள் வீட்டிலிருந்து பதிலுக்கு எதுவும் போகவில்லை. யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. துக்க வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கும் மனிதர்களுக்கு, ஒரு தட்டு முறுக்கு எத்தனை பெரிய உதவி என்பதை அன்றுதான் அறிந்தேன். அவர்கள் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. தட்டைக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள்.

அனுப்புவதன் மறுபக்கம் சீர். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. தலைத் தீபாவளி, தலைக் கிறிஸ்துமஸ், வளைகாப்பு, பிள்ளைப்பேறு என்று பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோகிற வழக்கம் தெற்கே இன்றும் பலமாக இருக்கிறது. 51 அதிரசம், 101 முறுக்கு என்று ஒற்றைப்படையில் எண்ணி, ஓலைப் பெட்டியிலும் இப்போது பிளாஸ்டிக் கூடையிலும் அடுக்கி, வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வந்து இறங்கியதும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிக்கை குறைந்தாலோ, மூத்த மருமகளுக்கு வந்ததைவிடச் சிறிய அதிரசமாக இருந்தாலோ, அந்தப் பேச்சை அந்தப் பெண் ஆண்டுக்கணக்கில் கேட்க வேண்டும். என் உறவில் ஒரு தகப்பனார் இந்தச் சீருக்காகவே நகை அடகு வைத்தார். எண்ணி வாங்கினால் அது பலகாரம் இல்லை, வரி. தட்டு தானாகப் போக வேண்டும், திரும்பி வரும்போது எதையாவது ஏந்தி வர வேண்டும். சீர் ஒருபக்கமாகவே போகிறது. ‘மரபு’ என்ற சொல்லைச் சொல்லிக்கொண்டு இதைத் தொடர்கிறவர்களிடம், மகன் வீட்டிலிருந்து மருமகள் வீட்டுக்கும் அதே எண்ணிக்கையில் அனுப்பிப் பாருங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எண்ணெயில் பொரிப்பதை விட்டு, எண்ணெய்ச் சட்டி இல்லாமல் அனலில் வேகிற பண்டங்களுக்கு வருகிறேன். நம் வீடுகளில் ஓவன் என்பது நேற்று வந்தது. ஆனால் கேக் அதற்கு முன்பே வந்துவிட்டது. பெரிய சட்டியில் ஆற்று மணலைக் கொட்டிச் சூடாக்கி, அதன் நடுவே கேக் மாவு ஊற்றிய பாத்திரத்தை இறக்கி, மூடி போட்டு, மூடியின் மேல் தணலைப் பரப்பிவிடுவார்கள். மேலும் கீழும் சூடு. காயல்பட்டினத்து வீடுகளில் ரவையும் முட்டையும் நெய்யும் சேர்த்துச் செய்யும் தம்மடையும் இப்படி மேலும் கீழும் கங்கு வைத்து வெந்ததுதான். எங்கள் சிறு வயதில் பேக்கரிக்காரர்களும் உதவினார்கள். ரொட்டி சுட்டு முடித்த விறகு அடுப்பில் சூடு மிச்சமிருக்கும் அல்லவா? வீட்டில் கலக்கிய மாவைத் தகரத் தட்டில் ஊற்றி, பெயர் எழுதிய சீட்டை ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால், சிறு கட்டணத்துக்குச் சுட்டுத் தருவார்கள். மது வாசனையே ஆகாத வீடு எங்களுடையது. அதனால் உலர்பழங்களை ரம்மில் ஊறவைக்காமல் திராட்சைச் சாற்றில் ஊறவைப்பார் அம்மா. நிறத்துக்குச் சீனியைக் கருக்கிய பாகு.

கேரளத்துத் தலச்சேரியில் 1880இல் பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கிய மம்பள்ளி பாப்பு, 1883இல் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் முர்டோக் பிரவுன் கேட்டுக்கொண்டபடி கிறிஸ்துமஸ் கேக் செய்தார் என்று அந்தக் குடும்பத்தார் சொல்லி வருகிறார்கள். பிரவுன் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் காட்டி, பிரெஞ்சு பிராந்தி சேர்க்கச் சொன்னாராம். பாப்பு உள்ளூர்ப் பழங்களில் வடித்த மதுவைச் சேர்த்துக் கொடுத்தாராம். என் அம்மாவின் திராட்சைச் சாறும் அந்த வழியில் வந்ததுதான் என்று எண்ணிக்கொள்ள எனக்குப் பிடிக்கும். தூர தேசத்துப் பண்டம் எதுவானாலும், இங்கே வந்தபின் இந்த மண்ணின் கடைத்தெருவில் கிடைப்பதைத் தின்றுதான் வளர்கிறது.

தூத்துக்குடி மக்ரூனுக்கும் அதே கதை. ஐரோப்பாவில் பாதாமில் செய்வது இங்கே முந்திரிக்கு மாறியது. முந்திரி மரத்தைப் பிரேசிலிலிருந்து இந்தியக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். தூத்துக்குடியில் அவர்கள் கால் பதித்தது 1530களில். 1658இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே பிரித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நுரை நிமிர்ந்து நிற்கும்வரை அடித்து, உலர்ந்த முந்திரித் தூளைப் பதமாகக் கலந்து, கூம்பு கூம்பாக இட்டு, மிகக் குறைந்த சூட்டில் நெடுநேரம் உலரவிடுகிறார்கள். வேகவைப்பது என்பதைவிட உலர்த்துவது என்பதே பொருத்தம். இதுவும் பிரயாணத்துக்கு ஏற்ற பண்டம்தான், எடையே இல்லை. ஆனால் ஈரக்காற்றுக்கு ஆகாது. வடகிழக்குப் பருவமழை பெய்துகொண்டிருக்கும்போது டப்பாவைத் திறந்து வைத்தால், மாலைக்குள் மேல்தோல் பிசுபிசுத்துவிடும். வாங்கி அனுப்புகிறவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து அனுப்புங்கள். அதோடு, கன்னியாகுமரி மாவட்டத்து முந்திரி ஆலைகளில் ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுத்துப்போகும் பெண்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வெள்ளைக் கூம்புக்குள் அவர்களுடைய உழைப்பும் இருக்கிறது.

இப்போது வீட்டில் சுடுவது குறைந்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடையில் வாங்கினால் என்ன குறை? மகளிர் சுய உதவிக் குழுக்கள் முந்திரிக்கொத்தும் அதிரசமும் செய்து விற்கிறார்கள். அந்தப் பணம் சுட்டவர் கைக்கே போகிறது. ஆச்சியின் தலைமுறைப் பெண்கள் டிசம்பர் முழுவதும் புகையில் நின்று, 25ஆம் தேதி காலையில் ஆராதனையில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனதை நான் பார்த்தவள். அந்த உழைப்பைத் திரும்ப யார் தலையிலும் கட்ட எனக்கு விருப்பமில்லை. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு அது 2020லேயே கிடைத்துவிட்டது. நல்ல கருப்பட்டி எளிதாகக் கிடைத்தால்தான் நல்ல முந்திரிக்கொத்து பிழைக்கும். சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டியில் பாகு நின்றாலும், அந்தப் புகை மணம் வராது.

எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை பால் இனிப்புப் பெட்டிகள் மேல். தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் அதே பளபளப்பான பெட்டியைக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலில் செய்த துண்டுகள். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை நான் குறை சொல்லவில்லை. அதை அந்த ஊருக்கே போய், இலையில் வாங்கிச் சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆனால் பால் இனிப்பு சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஒரே வீட்டில் எட்டுப் பெட்டிகள் சேர்ந்தால் குளிர்பெட்டியில் இடம் இல்லை. மூன்றாம் நாள் வேறு யாருக்காவது தள்ளிவிட வேண்டும். ஐந்தாம் நாள் குப்பைக்குப் போகிறது. முறுக்கும் முந்திரிக்கொத்தும் அப்படி அவசரப்படுத்தாது. இன்று ஒன்று, நாளைக்கு ஒன்று என்று எடுத்துத் தின்னலாம். ஜனவரியில் வருகிற விருந்தாளிக்கும் ஒரு கிண்ணம் வைக்கலாம். எனவே பெட்டி வாங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: நாள் தாங்குகிறதாகப் பார்த்து வாங்குங்கள்.

என் அத்தை மகள் கனடாவில் டொரொண்டோ நகரத்தின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறாள். அவளுக்கு ஆண்டுதோறும் முந்திரிக்கொத்து போகிறது, யாராவது ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் பெட்டியில். இரண்டு விமானம் மாறி, பனியில் இறங்கி, அவள் கையில் சேரும்போதும் மேல்தோல் மொறுமொறுப்பாகவே இருக்கிறது என்கிறாள். போன கிறிஸ்துமஸுக்கு அதில் கொஞ்சம் தட்டில் வைத்து, பக்கத்தில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாளாம். அவர் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே உள்ளே போய், அதே தட்டில் தம் வீட்டுப் பயற்றம் பணியாரத்தை நிரப்பிக்கொண்டு வந்தாராம். வறுத்த பயறு, தேங்காய், இனிப்பு, மேலே மாவில் தோய்த்துப் பொரித்த மஞ்சள் தோல். இரண்டையும் அருகருகே வைத்தால் எது எந்தக் கரையினுடையது என்று சொல்வது கடினம்.

அதன் பிறகு இருவருக்கும் வாக்குவாதம். “பயற்றம் மாவுக்கு மிளகும் சீரகமும் போடாமல் எப்படி?” என்பது அன்ரியின் கட்சி. “சுக்கு இருக்கும்போது மிளகு எதற்கு? கருப்பட்டிக்குச் சுக்குதான் பொருத்தம்” என்பது இவள் கட்சி. தொலைபேசியில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாள். நான் சுக்கின் பக்கம் நின்றேன். வருகிற டிசம்பரில் அன்ரி வீட்டுச் சமையலறையில் இருவரும் சேர்ந்து, ஒரு ஈடு சுக்கிலும் ஒரு ஈடு மிளகிலும் சுடப் போகிறார்களாம். இரண்டிலும் ஒரு பொட்டலம் நாகர்கோவிலுக்கு அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன்.